மூச்சு மெஷினுக்கு ஒரு பாவம்

எங்கள் சபையில் உதவி வாங்க வேண்டுமென்றால் முதலில் கைவசம் ஒரு பாவம் இருக்க வேண்டும். ஏழ்மை மட்டும் போதாது. அது எல்லோர் வீட்டிலும் இறைந்து கிடக்கிறது, அதைப் போய் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? உதவி வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மேடையேறி மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இன்ன பாவத்தில் கிடந்தேன், அதனால் இன்ன கதிக்கு வந்தேன், சபை என்னைத் தூக்கிவிட்டது, ஸ்தோத்திரம். இந்த வரிசை மாறக் கூடாது.

தையல் மெஷின் வாங்கிய விதவை, செத்துப்போன புருஷனைத் தான் மதிக்கவே இல்லை என்று மேடையில் அழுதாள். அவன் அவளைப் போட்டு அடித்த அடி தெருவுக்கே தெரியும். கூரைக்குத் தகரம் வாங்கிய பெயின்டர், குடியில் விழுந்து கிடந்ததாகச் சொன்னார். அந்த மனுஷனுக்கு சோடா குடித்தாலே தலை சுற்றும். எந்தப் பாவமும் அகப்படாதவர்கள் பொறாமை என்று சொல்லி ஒப்பேற்றுவார்கள். பொறாமைக்கு ஒரு சிப்பம் அரிசிக்கு மேல் எதுவும் பெயராது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே ஜனங்கள் மார்க் போட்டுவிடுவார்கள். "இந்த வாரம் சுமார்தான், போன வாரம் மாதிரி உருக்கமா இல்ல" என்பார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சபையைக் கூட்டித் துடைக்கிறவள் நான். பெஞ்சுகளை ஈரத்துணி போட்டுத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முதல் பெஞ்சில் மறுபடி வெள்ளையாகத் தூசி படிந்திருக்கும். சபைக்குப் பின்னால்தான் கல் உடைக்கிற கிரஷர் இருக்கிறது. கிரஷர் முதலாளிதான் எங்கள் சபை நிர்வாகத்தில் மூத்தவர், மூப்பர் என்போம். தரைக்குப் போட்ட கல் அவர் கொடுத்தது, மைக் அவர் கொடுத்தது, பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸ் அவர் கொடுப்பது. தூசியும் அவர் கொடுப்பதுதான், அதற்கு மட்டும் யாரும் ஸ்தோத்திரம் சொல்வதில்லை.

என் அக்கா புருஷனும் என் வீட்டுக்காரரும் அந்தக் கிரஷரில்தான் வேலை பார்த்தார்கள். அத்தானுக்கு மைக்செட் என்று பட்டப்பெயர். கிரஷர் ஓடுகிற சத்தத்துக்கு நடுவிலும் அவர் குரல் கேட்கும். லாரி டிரைவர்கள் ஹாரனை அவரிடம் அடமானம் வைத்துவிட்டுப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். சகலை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வாராத நாள் கிடையாது. கிரஷரில் முன்பெல்லாம் கல் உடைபடும் இடத்தில் தண்ணீர் தெளிக்கக் குழாய் இருந்தது. ஈரக் கல் சல்லடையை அடைத்துக்கொள்கிறது, வேலை கெடுகிறது என்று முதலாளி அதை மூடிவிட்டார். அதற்குப் பிறகு அங்கே நின்றவர்கள் எல்லோரும் கல்தூளைத்தான் மூச்சாக இழுத்தார்கள்.

அத்தானுக்கு முதலில் குரல் போயிற்று, பிறகு நடை போயிற்று, பிறகு படுக்கை போயிற்று. படுத்தால் மூச்சு அடைக்கும். தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். பேசினால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் காற்றைத் தேடுவார். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் கல்லாகிவிட்டது, இனி மருந்தில் ஒன்றும் ஆகாது என்றார்கள். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது, அதை வீட்டில் வைத்துக்கொண்டால் ஆள் இருப்பார், இல்லாவிட்டால் இருக்க மாட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் இல்லை.

பாஸ்டர்தான் அலைந்தார். அதை மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும். எங்கள் பாஸ்டர் நல்லவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பார், பெஞ்சு தூக்குவார், தன் வீட்டில் ஆக்கிய சோற்றைக் கொண்டுவந்து போடுவார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு சாயங்காலம் அவர் அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தோம்.

"மெஷின் வந்தாச்சும்மா. சபை ஆபீஸ்ல இறக்கி வச்சிருக்கு" என்றார் அக்காவிடம்.

அக்கா அவர் காலில் விழப் போனாள். பதறிப்போய்த் தடுத்தார். "மனுஷன் கால்ல விழக் கூடாதும்மா. ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்து சாட்சி சொல்லட்டும், அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துடலாம்."

அத்தான் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, பேச்சு வர நேரமாயிற்று. "என்கிட்ட... என்ன பாவம்... இருக்கு பாஸ்டர்? சத்தம்... போட்டதத் தவிர?"

பாஸ்டர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பீடி பிடிச்சுத்தான் நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு சொன்னாப் போதும்ணே."

கதவில் சாய்ந்து நின்ற என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "அவரு வாயில பீடியப் பாத்திருக்கீங்களா நீங்க?"

"இல்ல தம்பி."

"அப்ப யாரு சொல்லச் சொன்னது? மூப்பரா?"

பாஸ்டருக்குப் பொய் சொல்ல வராது. "மெஷின் அவர் வாங்கிக் குடுத்தது" என்றார்.

அக்கா கூப்பியிருந்த கையை இறக்கினாள். ஏனென்றால், கிரஷரில் வேலை பார்த்து நெஞ்சு கெட்ட ஆட்கள் எல்லோரும் சேர்ந்து முதலாளி மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும் என்று வழக்கு. முன்னால் நின்று நடத்துகிறவர் என் வீட்டுக்காரர். வழக்குக்கு முதுகெலும்பே அத்தான்தான். கெட்ட பழக்கம் ஒன்றுமில்லாத ஆள், ஆனாலும் நெஞ்சு முழுக்கக் கல்லு என்று வக்கீல் அவரைத்தான் முன்னால் காட்டிக்கொண்டிருந்தார். சபையில் சொல்கிற சாட்சியை வீடியோ எடுப்பார்கள். அத்தான் வாயால் பீடி என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். இது பாஸ்டருக்கும் தெரியும்.

"வழக்கு முடிய எத்தனை வருஷம் ஆகும் தம்பி? அது வரைக்கும் இவரு இருப்பாரா?" என்று பாஸ்டர் தணிந்த குரலில் கேட்டார். "மூச்சு முட்டுறவனுக்கு மூச்சு வாங்கிக் குடுக்கறதுதான் என் ஊழியம். கிரஷரோட மல்லுக்கட்டறது இல்ல."

"மெஷின் கேக்க வாய் வந்துச்சில்ல? தண்ணிக் குழாயத் திறந்து விடுங்கன்னு கேக்க வரலையா? வாராவாரம் மேடையில பக்கத்துலதான உக்காந்திருக்காரு?"

பாஸ்டர் தரையைப் பார்த்தார். "கேட்டேன். ஒரு தடவை கேட்டேன். அந்த வருஷம் நம்ம பிள்ளைங்க யாருக்கும் ஃபீஸ் கட்ட வழியில்லாமப் போச்சு."

அவர் சொன்னது உண்மை. அந்த வருஷம் அக்கா மகள் படிப்பை விட்டு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், பிறகு பள்ளிக்கூடம் பக்கம் போகவே இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் வெடுக்கென்று வெளியே போய் இருமிவிட்டு வந்தார். அவருக்கும் அப்போதே இருமல் தொடங்கியிருந்தது. புழுதி ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டிருந்தோம்.

மறுநாளிலிருந்து வழக்குப் போட்ட ஆட்கள் அக்கா வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்து உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் இருமிவிட்டுப் போனார்கள். "மைக்செட்டண்ணே, உன்னை நம்பித்தான் இருக்கோம்" என்பதற்கு மேல் அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. அத்தான் ஒவ்வொருவர் கையையும் பிடித்துத் தலையாட்டி அனுப்பினார். என் வீட்டுக்காரரிடம் மட்டும் வாயால் சொன்னார்: "சகலை... நான்... சொல்ல மாட்டேன்." அதைச் சொல்லி முடித்ததில் உதடு நீலமாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சந்தோஷமாகச் சாப்பிட்டார். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன். அத்தான் யோக்கியனாகச் சாகப் போகிறார், அதற்கு இந்த ஆள் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அவரை விடுங்கள், நான் மட்டும் என்ன? அத்தான் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நிமிஷமும், சொல்லிவிடக் கூடாது என்று மறு நிமிஷமும் நினைத்துக்கொண்டு பெஞ்சு துடைத்தேன். ஆபீஸ் மூலையில் அந்த மெஷின் அட்டைப்பெட்டிக்குள் சும்மா நின்றது.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே அவள் குரல் கேட்டது.

"ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீங்க?"

"பத்து..."

"பத்தா? பத்துக்கு யாருக்குங்க நெஞ்சு கெடும்? கட்டுக்கட்டா பிடிப்பேன்னு சொல்லுங்க. எப்பப் பழகுனீங்க?"

"கல்யாணத்துக்கு... அப்புறம்..."

"ஏன், நான் கெடுத்தேன்னு ஆகறதுக்கா? சின்ன வயசுலயேன்னு சொல்லுங்க."

அத்தான் தலையணையில் சாய்ந்தபடி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அக்கா நிறுத்தவில்லை. என்னைச் சமையல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"உன் புருஷன்கிட்ட போய்ச் சொல்லிடாத."

"அத்தான் அவருக்கு வாக்குக் குடுத்தாரேக்கா."

"காலையில என்ன நடந்துச்சுன்னு தெரியுமாடி உனக்கு? மூச்சு நின்னுபோச்சு. அப்படியே முழிச்சுப் பாத்துட்டு இருக்காரு, மூச்சு இல்ல. முதுகுல போட்டு அடிச்சு அடிச்சுத்தான் திரும்ப வரவச்சேன். வந்ததும் என்ன சொன்னாரு தெரியுமா? பீடின்னு சொல்றேன்டின்னாரு. நான் சொல்ல வைக்கல. அவரே சொன்னாரு." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "தன்னப் பத்தி மட்டும்தான் சொல்வாராம். மத்தவங்களப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாராம். அதுக்கு மேல உன் புருஷனுக்கு என்ன வேணும், எங்க பொணமா?"

நான் வீட்டில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தானை நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். மெஷினும் பெட்டியிலிருந்து எடுத்து அவர் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. பிளக் மாட்டவில்லை. சாட்சி முடிந்து ஜெபம் செய்த பிறகுதான் போட வேண்டும் என்று மூப்பர் சொல்லிவிட்டார். வழக்குப் போட்ட ஆட்கள் நடு பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஓரத்தில் இருந்தார், சகலையைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அத்தான் அவரைப் பார்க்கவே இல்லை.

பாஸ்டர் மைக்கை அத்தான் வாயருகே பிடித்தார். ஒலிபெருக்கியில் முதலில் வந்தது வார்த்தையில்லை, மூச்சு. அடைத்துப்போன குழாயில் காற்றுப் போவது மாதிரி ஒரு சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. குழந்தை ஒன்று பயந்து அழுதது.

"நான்... பீடி... பிடிப்பேன்" என்றார் அத்தான்.

நடு பெஞ்சில் யாரோ "அய்யோ" என்றார்கள்.

"சின்ன... வயசு..."

அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது. அப்போது மூப்பர் எழுந்து வந்தார். அத்தான் தோளில் கை வைத்தார், பாஸ்டர் கையிலிருந்து மைக்கைத் தானே வாங்கிக்கொண்டார். "சிரமப்படாதீங்க சகோதரரே. நான் கேக்கறேன். ஆமான்னு தலைய மட்டும் ஆட்டுங்க" என்றார். குரலில் அப்படி ஒரு கனிவு. பார்த்தவர்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது.

"சின்ன வயசுலயே பழகிட்டீங்க, இல்லையா?"

அத்தான் தலையாட்டினார்.

"கட்டுக்கட்டா பிடிச்சீங்க."

ஆட்டினார்.

"கிரஷர்ல வேலை குடுத்த இடத்துல உங்களுக்கு எந்தக் குறையும் வைக்கல."

கொஞ்சம் தயங்கி ஆட்டினார்.

"உங்களப் பாத்துத்தான் கூட வேலை பாத்த தம்பிங்களும் பீடிக்குப் பழகினாங்க. இப்ப அவங்களும் இருமுறாங்க. அதுதான் உங்க மனச அரிக்குது, இல்லையா?"

அத்தான் தலையாட்டவில்லை. பேசப் பார்த்தார், காற்று இல்லை. வேண்டாம், நிறுத்துங்கள் என்று வலது கையை மேலே தூக்கினார். நான் கண்ணால் பார்த்தேன், அது நிறுத்தச் சொன்ன கைதான். எங்கள் சபையில் கை தூக்கினால் துதி என்று அர்த்தம். மூப்பர் "அல்லேலூயா!" என்றார். ஹால் மொத்தமும் கையைத் தூக்கிக்கொண்டு அல்லேலூயா என்றது. அக்காவும் தூக்கினாள். பாஸ்டர் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். அவருக்குப் புரிந்திருந்தது. புரிந்தும் நின்றார்.

மெஷினைப் போட்டார்கள். மூக்கில் குழாயை வைத்த சற்று நேரத்திலேயே அத்தான் முகத்தில் ரத்தம் ஓடியது. உதட்டு நீலம் குறைந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். தட்டாமல் எப்படி இருப்பது, செத்துக்கொண்டிருந்த மனுஷன் எல்லோர் கண் முன்னாலும் திரும்பி வருகிறார். என் கையும் தட்டியது. நடு பெஞ்சுகள் காலியாகிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் முதல் ஆளாக வெளியே போயிருந்தார்.

வக்கீல் வீடியோவைப் பார்த்துவிட்டு, இனி என்னிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் அக்கா வீட்டுப் படியை மிதிக்கவில்லை. சகலை என்று சொல்ல வேண்டிய இடத்தில் "அந்த ஆள்" என்றார். தெருவே அக்கா வீட்டைத் தள்ளி வைத்தது. நான் மட்டும் அவருக்குத் தெரியாமல் போய் வந்தேன். அத்தானுக்குக் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. "நல்லா பேச வருது" என்றார் ஒரு நாள். "யாருகூடப் பேச?" மெஷின் பக்கத்தில் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பதமாகத் துடைத்து வைத்தாள், பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் துடைத்திருக்க மாட்டாள்.

குளிர் தொடங்கியதும் என் வீட்டுக்காரரின் இருமல் வேறு மாதிரி ஆயிற்று. மாடிப்படி ஏற முடியவில்லை. சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு உட்கார்ந்து இளைப்பாறினார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், கல்தூள் வெள்ளைவெள்ளையாகத் தெரிந்தது. அத்தானுக்குச் சொன்ன அதே வார்த்தைகளை எங்களுக்கும் சொன்னார். வெளியே வந்து ரோட்டோரத்தில் இரண்டு பேரும் நின்றோம். அவர் அழுவார் என்று பார்த்தேன், அழவில்லை. பஸ் வந்தும் ஏறாமல் நின்றார்.

யார் சொன்னார்களோ, பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தார். உள்ளே கூப்பிட்டதே பெரிது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இன்னொரு மெஷின் கேட்டுப் பாக்கறேன் தம்பி" என்றார்.

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்தார். இந்த மனுஷனை எனக்குத் தெரியும். ஸ்டூலை எட்டி உதைப்பார், படத்தை எடுத்து முகத்தில் வீசுவார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தானைப் போலக் கூட்டத்தில் ஒப்பிக்கிற ஆளில்லை இவர். முதலாளி வீட்டு வாசலிலேயே நின்று கேள்வி கேட்டவர்.

"அதே சாட்சிதானா பாஸ்டர்?" என்றார்.

பாஸ்டர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பீடிய எப்படிப் பத்த வைக்கணும்னுகூடத் தெரியாது." என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கினார். "பரவாயில்ல. என் சகலைதான் கத்துக்குடுத்தான்னு சொல்லிடறேன். அதுதான் ஏற்கனவே எல்லாருக்கும் தெரியுமே, நம்புவாங்க. மூப்பரும் சந்தோஷப்படுவாரு. எந்த ஞாயித்துக்கிழமை வரணும்?"

பாஸ்டர் அழுதுவிட்டார். சத்தமே இல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருகிற ஞாயிறு வேறொருவர் இருக்கிறார், அதற்கடுத்த ஞாயிறு என்றார்.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவருக்காக, அத்தானுக்காக, நடு பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்காகவும் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதிதான், வயிறு நிறைந்த மாதிரி ஒரு நிம்மதி. அந்த ஞாயிறு வரைக்கும் இவர் தாங்குவாரா என்பது மட்டும்தான் என் கவலை. அதைத்தான் பாஸ்டரிடம் கேட்டேன். "வேறொருத்தருன்னீங்களே, அவங்களுக்கு வெறும் அரிசிதானே? கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதா?"